தாதியரின் வேலை நேரம்: பெரட்டுக் களத்திலிருந்து இரவு வார்டு வரை

வாரத்திற்கு மூன்று மணி நேரம். 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டின் அரசாங்க மருத்துவமனைத் தாதியரைக் கொதித்தெழ வைத்தது இந்த மூன்று மணி நேரம்தான். ஷிப்டு முறையில் வாரத்திற்கு 42 மணி நேரம் வேலை செய்து வந்த தாதியர், பொதுச் சேவைத் துறையின் புதிய ஏற்பாட்டின்படி 45 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. மலாயா தாதியர் சங்கம் எதிர்த்தது. மலேசிய மருத்துவச் சங்கமும் தாதியர் பக்கம் நின்று குரல் கொடுத்தது.

மூன்று மணி நேரம்தானே, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டவர்களும் உண்டு. கேட்பதில் தவறில்லை. ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு 52 வாரம். வாரத்திற்கு மூன்று மணி என்றால் 156 மணி நேரம். அரசாங்க மருத்துவமனைகளில் காலை ஷிப்டு 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, மாலை ஷிப்டு 2 மணி முதல் இரவு 9 மணி வரை, இரவு ஷிப்டு 9 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை என்பது பரவலான வழக்கம். ஏழு மணி நேரத்தை ஒரு ஷிப்டாக எடுத்துக்கொண்டால், 156 மணி நேரம் என்பது 22 ஷிப்டு. வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் மூன்றரை வாரத்திற்கும் மேல்! விடுப்பு நாள்களைக் கழித்தால் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. இந்நாட்டு இந்தியர்கள் அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்துப் போராடியவர்கள். அதுவும் மருத்துவ வசதி என்ற கோரிக்கையையும் வேலை நேரம் என்ற கோரிக்கையையும் ஒரே பட்டியலில் வைத்துப் போராடினார்கள். இன்று தாதியரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பழைய பட்டியலை ஒரு முறை திருப்பிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

பெரட்டும் கொய்னாவும்

அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை... கோல சிலாங்கூர் வட்டாரத்தின் இந்தப் பெயர்களைச் சொன்னாலே பழையவர்களுக்குப் பால்மர வாசம் வரும். இன்று அங்கே பெரும்பாலும் செம்பனைதான். 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை அசாம் ஜாவாவில் வந்து முடிகிறது. அதில் ஏறினால் தெம்பளர் பார்க் வரை போய்விடலாம். ஆனால் அன்று அந்தந்தத் தோட்டமே தொழிலாளிக்கு உலகம். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, ஆயாக் கொட்டகை எல்லாம் தோட்ட எல்லைக்குள்தான். ஆஸ்பத்திரியும் அங்கேதான்.

விடியும் முன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுத்த பிறகு வேலைக்காட்டுக்குப் போக வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால் வெயில் ஏறுவதற்குள் மரம் சீவி முடிக்க வேண்டும். பிறகு மங்குப் பாலைச் சேர்த்து, வாளியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் வேறு வேலைக்கு அனுப்பினால் போயாக வேண்டும். காலையில் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற தாய் வீட்டுக்குத் திரும்பி அடுப்பு மூட்டுவது எப்போது என்பது அன்றைய வேலையைப் பொறுத்தது.

மலேரியா அந்தத் தோட்டங்களைத் தின்றது. 1901-இல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து கொசுவை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினார். மலேரியா ஒழிப்பில் உலகமே கவனித்த முயற்சி அது. தோட்டங்களில் கொய்னா மருந்தைப் பெரட்டிலேயே வரிசையில் நிற்க வைத்து வாயில் ஊற்றும் வழக்கமும் இருந்தது. தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டிய கடமையை முதலாளியின் தலையில் வைத்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு. சில தோட்டங்கள் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருந்தன. சில தோட்டங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொது ஆஸ்பத்திரியை நடத்தின.

டாக்டர் எப்போதாவது வருவார். தினமும் இருப்பவர் டிரஸ்ஸர்தான். காயம் கட்டுவதும், ஊசி போடுவதும், சிக் லீவு தருவதும், மறுப்பதும் அவர். பிரசவம் என்றால் மருத்துவச்சி. இந்த இருவருக்கும் ஷிப்டு என்று ஒன்று கிடையாது. ஆஸ்பத்திரி வளாகத்திலோ பக்கத்திலோ வீடு. நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வர வேண்டும். டிரஸ்ஸரைப் பற்றித் தோட்ட மக்கள் சொல்லும் கதைகளில் பாதி நன்றி, பாதி கோபம். உடம்பு முடியவில்லை என்று வந்தவரை வேலைக்குத் துரத்தியவர்களும் உண்டு, இரவெல்லாம் விழித்து உயிரைக் காத்தவர்களும் உண்டு. தூங்காத மனிதர் மறுநாள் காலையில் எப்படிப்பட்ட டிரஸ்ஸராக இருப்பார் என்று மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அது சேவை, சேவைக்கு மணிக்கணக்கு எதற்கு என்பதே அன்றைய எண்ணம்.

1941: பன்னிரண்டு கோரிக்கைகள்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் வெடித்தது. முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். தலைவர்கள் ஆர்.எச். நாதன், ஒய்.கே. மேனன். நாதன் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. ஆனால் முழுப் பட்டியலில் பன்னிரண்டு கோரிக்கைகள் இருந்தன. துரைமார்கள் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பது பலர் நினைவில் நிற்கும் கோரிக்கை. தமிழ் பேசத் தெரிந்த அலுவலர்கள் வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டார்கள்.

அதே பட்டியலில் இருந்த இரண்டை இங்கே தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, முறையான மருத்துவ வசதி. மற்றொன்று, 10 முதல் 12 மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பது.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் அடங்கவில்லை, கிள்ளானைத் தாண்டி சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துருப்புகள் இறக்கப்பட்டன. உயிர்ச்சேதம் ஏற்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள், கோரிக்கைகளும் அப்படியே நின்றுபோயின.

நீண்ட வேலை நாள் உடம்பைக் கெடுக்கும் என்பதை எந்தப் பல்கலைக்கழக ஆய்வும் படிக்காத பால்மரத் தொழிலாளிகள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்ட அந்த மருத்துவ வசதியைத் தருபவருக்கும் ஓர் உடம்பு உண்டு, அதற்கும் அதே 10, 12 மணி நேரக் கணக்கு பொருந்தும் என்பது உலகத்தின் எந்த மூலையிலும் எளிதில் ஏற்கப்படவில்லை.

தாதிக்கு மட்டும் விலக்கு

மெல்பர்ன் நகரக் கட்டடத் தொழிலாளர்கள் 1856-லேயே எட்டு மணி நேர வேலை நாளை வென்றெடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1860-இல், லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நவீன தாதிமைத் தொழில் அங்கேதான் உருவெடுத்தது. விடுதி, ஒழுக்கம், சீருடை, கீழ்ப்படிதல் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. பயிற்சிப் பெண்களே வார்டு வேலையையும் செய்தார்கள். இந்த முறை உலகம் முழுவதும் பரவியது. பயிற்சித் தாதியரின் உழைப்பில் மருத்துவமனைகள் ஓடின.

கலிபோர்னியாவில் நடந்த ஒரு கதை சுவையானது. 1911-இல் அந்த மாநிலம் பெண் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று சட்டம் இயற்றியது. 1913-இல் அதை மருத்துவமனைகளுக்கும் நீட்டினார்கள். பயிற்சித் தாதியர் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தார்கள். பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற்ற தாதியருக்கு மட்டும் விலக்கு! மருத்துவமனைத் தரப்பு சும்மா இருக்குமா? பயிற்சிப் பெண்களை எட்டு மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்றால் மருத்துவமனையை எப்படி நடத்துவது என்று வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915-இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தேர்ச்சி பெற்ற தாதிக்கு அளித்த விலக்கும் செல்லும் என்றது. ஆக, பள்ளியில் இருக்கும்வரை அவள் உடம்பு களைக்கும், சான்றிதழ் வாங்கிய மறுநாளிலிருந்து களைக்காது என்று பொருள்! தேர்ச்சி பெற்ற தாதியரில் கணிசமானோர் இந்த விலக்கை விரும்பினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மணிக்கணக்குப் பார்ப்பது ஆலைத் தொழிலாளியின் வேலை, தங்களுடையது உயர்ந்த தொழில் என்று அவர்கள் கருதினார்கள்.

1919-இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தோன்றியதும் அதன் முதல் ஒப்பந்தமே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்பதுதான். ஆனால் அது தொழிற்சாலைகளுக்கு. இங்கிலாந்தில் அத்லோன் குழு 1939-இல் தாதியருக்கு இரண்டு வாரத்திற்கு 96 மணி நேரம் போதும் என்று பரிந்துரைத்தது. உலகப் போர் குறுக்கே வந்தது. தாதியருக்கென்றே ஓர் அனைத்துலக ஒப்பந்தம் வர 1977 ஆயிற்று. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்து 58 ஆண்டுகள் கழித்து!

அந்த ஒப்பந்தத்துடன் வந்த பரிந்துரை மிகத் தெளிவானது. சாதாரண வேலை நாள் எட்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்கு 12 மணி நேரமே எல்லை. வாரத்திற்கு 40 மணி நேரம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையில் குறைந்தது 12 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு வேண்டும். இந்தக் கடைசி வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும்.

இனிப்புத் தடவிய 12 மணி நேரம்

இவ்வளவு பாடுபட்டுக் குறைத்த வேலை நாள் மீண்டும் நீண்டது எப்படி? யாரும் அடித்து நீட்டவில்லை. 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் அமெரிக்காவில் தாதியர் பற்றாக்குறை ஏற்பட்டபோது, ஆள் பிடிப்பதற்காக மருத்துவமனைகள் ஒரு சலுகையை முன்வைத்தன. நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்தால் வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும், நான்கு நாள் வீட்டில் இருக்கலாம். யாருக்குத்தான் பிடிக்காது? பிள்ளை வளர்க்கும் தாய்க்கு நான்கு நாள் பெரிய வரம். போய்வரும் பயணச் செலவும் குறையும். நிர்வாகத்திற்கும் லாபம்: 24 மணி நேரத்திற்கு மூன்று குழுவுக்குப் பதில் இரண்டு குழு, நோயாளிகளின் விவரத்தை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைப்பதும் இரண்டு முறைதான்.

பிறகு ஆய்வுகள் வரத் தொடங்கின. 2004-இல் ஆன் ரோஜர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 393 தாதியர் தங்கள் வேலை நேரத்தையும் தவறுகளையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிவந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஷிப்டுகள். பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட ஷிப்டுகளில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு. அட்டவணையில் இருக்கும் நேரத்திற்கும் உண்மையில் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்திற்கும் இடைவெளி இருந்தது என்பதையும் அந்தக் குறிப்பேடுகள் காட்டின. 12 மணி நேர ஷிப்டு என்பது பெரும்பாலும் 12 மணி நேரத்தில் முடிவதில்லை.

2012-இல் நான்கு அமெரிக்க மாநிலங்களில் 22,000-க்கும் மேற்பட்ட தாதியரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. இதில்தான் வியப்பு. 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தங்கள் ஷிப்டு ஏற்பாடு திருப்தியாக இருப்பதாகச் சொன்னார்கள். அதே தாதியரில், 10 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களிடம் மனமும் உடலும் சோர்ந்து வேலையே வெறுத்துப்போகும் நிலை, குறுகிய ஷிப்டில் இருந்தவர்களைவிட இரண்டரை மடங்கு வரை அதிகமாகக் காணப்பட்டது. 13 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யும் தாதியர் அதிகம் உள்ள மருத்துவமனைகளில் நோயாளிகளின் அதிருப்தியும் அதிகமாக இருந்தது. ஷிப்டு பிடித்திருக்கிறது, ஆனால் வேலை வெறுத்துவிட்டது! வாரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள், நாளைப் பார்த்துத் தளர்ந்து போனார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 12 நாடுகளில் 31,000-க்கும் மேற்பட்ட தாதியரிடம் எடுத்து 2014-இல் வெளியான ஆய்வில், 12 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்கள், செய்ய வேண்டிய கவனிப்பைச் செய்யாமல் விட்டுப்போனதாக அதிகம் தெரிவித்தார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்வது போன்ற வேலைகள்தான் முதலில் விடுபடுகின்றன. ஊசியும் மருந்தும் பதிவேட்டில் இருப்பதால் தப்பித்துவிடுகின்றன. இங்கிலாந்தின் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆறு லட்சம் ஷிப்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். முந்தைய ஏழு நாளில் தாதி பார்த்த ஷிப்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் 12 மணி நேர ஷிப்டாக இருந்தால், நோய் விடுப்பு எடுக்கும் வாய்ப்பு 24 விழுக்காடு கூடியது. ஆள் மிச்சப்படுத்த நீட்டிய ஷிப்டே ஆளைப் படுக்க வைத்தால் நிர்வாகத்திற்கு என்ன லாபம்?

ஒன்றை மறுப்பதற்கில்லை. ஷிப்டின் நீளம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஆள் பற்றாக்குறையான வார்டில் ஏழு மணி நேரம் ஓடுவது, ஆள் நிறைந்த வார்டில் பத்து மணி நேரம் இருப்பதைவிடக் கொடுமையாக இருக்கலாம். கோவிட் காலத்தில், 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்ததை நாடே பார்த்தது. பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கக்கூட உடையைக் கழற்ற முடியாமல் நின்றவர்களுக்கு ஒரு மணி நேரம் என்பது அறுபது நிமிடமாகவா இருந்திருக்கும்?

அம்மாவுக்கு இருந்த பத்து வரிப் பாதுகாப்பு

தோட்டங்களில் மரம் சீவிய தாய்மார்களின் பெண் பிள்ளைகளில் பலர் தாதியரானார்கள். எஸ்.பி.எம். முடித்து, பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்து, வெள்ளைச் சீருடையில் வீட்டுக்கு வந்து நின்ற நாள் பல லயத்து வீடுகளில் திருநாள். தோட்டத்து மக்கள் 'மிஸ்ஸி' என்று மரியாதையோடு அழைத்தார்கள். அம்மாவின் பெரட்டும் கங்காணியின் அதட்டலும் மகளுக்கு இல்லை. அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, தொழிற்சாலையிலோ தோட்டத்திலோ வேலை செய்யும் பெண்ணை இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் வேலை வாங்கக் கூடாது என்றது. அதோடு, ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும், மரம் சீவும் தாய்க்கு அந்த 11 மணி நேரம் எழுத்தில் இருந்தது. வார்டில் நின்ற மகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தவில்லை. மருத்துவமனை தொழிற்சாலையும் அல்ல, தோட்டமும் அல்லவே! பெண்களின் வேலைவாய்ப்புக்குத் தடையாக இருக்கிறது என்று கூறி, 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. இரவுத் தடையோடு 11 மணி நேர ஓய்வும் சேர்ந்து போயிற்று.

இப்போது மகளின் கணக்கைப் பார்க்கலாம். மாலை ஷிப்டு இரவு 9 மணிக்கு முடிகிறது. மறுநாள் காலை ஷிப்டு 7 மணிக்கு. இடையில் பத்தே மணி நேரம். 1977-இன் பரிந்துரை கேட்பது 12. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேரச் சட்டம் கேட்பது 11. அம்மாவுக்குச் சட்டம் கொடுத்ததும் 11.

அந்தப் பத்து மணி நேரமும் தூங்குவதற்கல்ல. அசாம் ஜாவாவில் குடியிருக்கும் ஒரு தாதிக்கு வேலை கிள்ளானிலோ சுங்கை பூலோவிலோ என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, காப்பார், ஜெராம் வழியாக லாரிகளுக்கு நடுவே வீடு வந்து சேர இரவு பத்தரை மணியாகும். குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சட்டையைத் தேய்த்து வைத்துப் படுக்கும்போது பன்னிரண்டு. காலை ஐந்து மணிக்கு எழாவிட்டால் ஏழு மணிக்கு வார்டில் நிற்க முடியாது. தூக்கம் ஐந்து மணி நேரம். இப்படி இடைவெளி குறைந்த ஷிப்டு மாற்றம் தாதியரிடையே தூக்கமின்மையோடும் களைப்போடும் தொடர்புடையது என்று நார்வே ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அசாம் ஜாவாவுக்கு நார்வே தேவையில்லைதான்.

இரவு ஷிப்டு இன்னொரு கதை. பிள்ளைகளுக்காகக் காலை ஏழு மணிக்கு எழுந்த தாதி, பகலில் தூக்கம் வராமல் இரவு 9 மணிக்கு வேலைக்குப் போய், மறுநாள் காலை 7 மணிக்கு வெளியே வந்தால் 24 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. 24 மணி நேரம் என்றால் 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பு. நம் நாட்டில் 2020-இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி மது அருந்தி வாகனம் ஓட்டுபவருக்கான வரம்பு அதே 0.05. குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினால் போலீஸ் பிடிக்கும். இரவெல்லாம் உயிர்களைக் காத்துவிட்டு, கண் சொருகியபடி ஏறினால் கேட்க ஆளில்லை.

நீண்டகாலப் பாதிப்பும் உண்டு. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலையைப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடிய காரணிகளின் இரண்டாம் வரிசையில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபரிசீலனை செய்து, இரவு ஷிப்டு வேலையை அதே வரிசையில் வைத்தது. அமெரிக்கத் தாதியரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 30 ஆண்டுகளோ அதற்கு மேலோ சுழற்சி முறையில் இரவு வேலை பார்த்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 36 விழுக்காடு கூடியதாக 2001-இல் கூறியது. பின்னர் வந்த சில ஆய்வுகள் அப்படித் தொடர்பு காணவில்லை. ஆகவே பயப்படுவதற்கல்ல, இரவு ஷிப்டுகளை ஒரே ஆளின் தலையில் சுமத்தாமல் பார்த்துக்கொள்வதற்கான தகவல் இது.

42-ஆ, 45-ஆ?

45 மணி நேரம் என்பது மற்ற அரசாங்க ஊழியர்களுக்கும் உள்ளதுதானே என்ற வாதம் 2024-இல் அடிக்கடி கேட்டது. தனியார் துறையிலும் 2023 முதல் வார வேலை நேரத்தின் சட்ட வரம்பு 48-லிருந்து 45-ஆகக் குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் அலுவலக ஊழியர் காலை 8 முதல் மாலை 5 வரை ஐந்து நாள் இருந்தால் வரும் 45 மணி நேரத்தில் மதிய உணவுக்கான ஐந்து மணி நேரமும் அடங்கும். மேசையை மூடிவிட்டுக் கடைக்குப் போகலாம். வார்டை மூடிவிட்டுப் போக முடியுமா? சாப்பாட்டுக் கரண்டி வாய்க்குப் போகும்போது கட்டிலின் மணி அடித்தால் எழுந்தாக வேண்டும். இரண்டு 45-உம் ஒன்றல்ல.

தனியார் மருத்துவமனைகளில் நிலைமை வேறு. அங்கே ஷிப்டு ஊழியருக்கு மூன்று வாரச் சராசரி 45 மணி நேரத்தைத் தாண்டாமல், நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டம் இடம் தருகிறது. கேரளத்தில் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் தனியார் மருத்துவமனைத் தாதியர் வீதிக்கு வந்தபோது, சம்பளத்தோடு சேர்த்து மூன்று ஷிப்டு முறையையும் கேட்டார்கள். நம் நாட்டுத் தாதியர் வீதிக்கு வருவதில்லை. சிங்கப்பூருக்கோ சவூதி அரேபியாவுக்கோ விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் விட்டுச் செல்லும் ஷிப்டை இங்கே இருப்பவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிர்ப்புக்குப் பிறகு 45 மணி நேர ஏற்பாடு தள்ளிவைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் அரசாங்க ஊழியர்களுக்கான புதிய ஊதிய முறை நடப்புக்கு வந்தது. 2025-இல் தாதியரின் 45 மணி நேரப் பேச்சு மறுபடியும் எழுந்து, மறுபடியும் தள்ளிப்போனது. அந்த இரண்டு ஆண்டும் வாதம் பெரும்பாலும் வாரக் கணக்கைச் சுற்றியே நடந்தது. இரவு 9 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் உள்ள அந்தப் பத்து மணி நேரத்தைப் பற்றிய பேச்சு அதில் அதிகம் அடிபடவில்லை.